சத்தியவதி அம்மாளின் பக்கம்

ஃபேபியோலா டீச்சர் பத்தாம் வகுப்பு விடைத்தாள்களைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டுக் கணினியைத் திறந்தபோது, சத்தியவதி அம்மாளின் பக்கத்துக்கு மேலே சிவப்புக் கரை போட்ட பெட்டி ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது. ‘இந்தக் கட்டுரை நீக்கப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது. ஒரு வாரத்துக்குள் கருத்துகளைத் தெரிவிக்கலாம்.’ காரணம் கீழே இருந்தது: ‘தனித்த, நம்பகமான சான்றுகள் இல்லை.’ அதற்கும் கீழே கையொப்பம். கோகுல்நாத். போன ஞாயிற்றுக்கிழமை இதே மேசையில் உட்கார்ந்து, நான் சைவமுங்க என்று சொல்லிக்கொண்டே மீன் குழம்பில் மீனை மட்டும் ஒதுக்கிவிட்டு இரண்டு தடவை வாங்கி ஊற்றிச் சாப்பிட்டுப் போன பிள்ளை.

அவர்கள் இரண்டு பேரும் இணையத்தில் ஒரு தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு எழுதுகிறவர்கள். சம்பளம் கிடையாது, சால்வை கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து டீச்சரும், கம்பெனி வேலை முடித்து, புனாவின் ஓரத்தில் நிக்டியில் தன் அறைக்குத் திரும்பிய பிறகு கோகுலும், மற்றவர்கள் சீரியல் பார்க்கிற நேரத்தில் இதைச் செய்தார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம்; ஆனால் எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் அச்சில் வந்த ஆதாரம் காட்ட வேண்டும். அந்த ஆதாரத்தையும் சொந்தக்காரர், வேண்டியவர் எழுதியிருக்கக் கூடாது. நம்மைப் பற்றி நம் அம்மா சொன்னால் செல்லாது, அடுத்த தெருக்காரர் சொல்ல வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? அடுத்த தெருக்காரர் வாயே திறக்காமல் செத்துப்போயிருந்தால் என்ன செய்வது என்பதுதான் டீச்சருக்கு அன்றைக்கு வந்த கேள்வி.

சத்தியவதி அம்மாள் கோர்படியில் ரயில்வே குடியிருப்பை ஒட்டி ஒரு விடுதி நடத்தியவர். தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வேலைக்கு வந்த பெண்பிள்ளைகளுக்கு அந்த ஓட்டு வீடுதான் புனாவில் முதல் கூரை. விடியுமுன் எழுப்பி, சாப்பாட்டு டப்பா கட்டிக்கொடுத்து, தளேகாவ் தொழிற்சாலைக்கு ரயிலேற்றி அனுப்புவார். மாலையில் கடைசிப் பிள்ளை உள்ளே வரும்வரை வாசல் விளக்கை அணைக்க மாட்டார். டீச்சரின் அம்மாவும் ஒரு தகரப் பெட்டியோடு அந்த வாசலில் வந்து இறங்கியவர்தான். கல்யாணம் ஆகும்வரை அங்கேதான் இருந்தார். இதையெல்லாம் டீச்சர் பக்கத்தில் எழுதியிருந்தார். ஆதாரமாகக் கொடுத்தவை மூன்று: அவர் பூசைக்குப் போன மாதா கோயிலின் பொன்விழா மலர், அடக்கத்தன்று விநியோகித்த துண்டுப்பிரசுரம், குடும்பத்தார் பணம் கட்டிப் பத்திரிகையில் போட்ட நினைவஞ்சலி.

டீச்சர் போனை எடுத்தார்.

“ஏலே கோகுலு, சாப்பிட்ட வீட்டுலயே கைய வைக்கியா?”

“அக்கா, நீங்க கூப்புடுவீங்கன்னு குளிக்கக்கூடப் போகாம உக்காந்திருக்கனுங்க.”

“எதுக்குல பெட்டி போட்ட?”

“மூணும் அவங்க ஆளுங்களே எழுதுனதுங்க. கோயில் மலர்ல எல்லாரையும் நல்லவங்கன்னுதானுங்க எழுதுவாங்க. இன்னார் சண்டைக்காரர்னு எழுதுன மலர் ஒண்ணு காட்டுங்க, நான் பெட்டிய எடுத்தறேன்.”

“அந்தம்மா இருந்தது பொய்யா அப்பம்?”

“பொய்யின்னு நான் சொல்லலீங்க்கா. வேற ஒருத்தர் கேட்டா நாம என்ன காட்டறதுங்க? போன மாசம் அந்த ஜோசியக்காரர் பக்கத்த இதே காரணம் சொல்லி நீங்கதான தூக்குனீங்க?”

தூக்கியது டீச்சர்தான். ஜோசியரின் மகன் அழுதுகொண்டே எழுதிய கடிதத்துக்கு, விதி எல்லோருக்கும் பொது என்று இரண்டு வரி பதில் போட்டதும் அவர்தான்.

“பழைய மராத்திப் பேப்பர் பாக்கலாமுங்க,” என்றான் கோகுல். “இத்தன வருசம் விடுதி நடத்தியிருக்காங்க. ஒரு நிருபர்கூடவா எட்டிப் பாத்திருக்க மாட்டான்? எனக்கு மராத்தி படிக்க வராது. நீங்க படியுங்க, நான் கட்டு தூக்கறேன்.”

நகரத்துக்குள், பேட்டைகளில் ஒன்றில், மாடிப்படி கிறீச்சிடுகிற ஒரு பழைய நூலகம் இருக்கிறது. பத்திரிகைகளை வருஷவாரியாகத் தைத்து, காலிக்கோத் துணி ஒட்டிய அட்டை போட்டு வைத்திருக்கிறார்கள். விடுமுறை என்பதால் அன்று மத்தியானமே இரண்டு பேரும் போய் உட்கார்ந்தார்கள். கோகுல் கட்டுகளைத் தூக்கிக் கொண்டுவந்து வைத்தான், டீச்சர் புரட்டினார். புனாவிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு மராத்தி இரண்டாம் தாய்மொழி. கோர்படி என்ற சொல் கண்ணில் பட்ட இடமெல்லாம் நின்று நின்று போனார். தண்ணீர்க் குழாய் உடைந்த செய்தி, ராணுவ அணிவகுப்பு, ரயிலில் அடிபட்ட எருமை. எருமைக்குக்கூட நான்கு வரி கிடைத்திருந்தது.

பிறகு ஒரு பக்கத்தில் சத்தியவதி அம்மாள் இருந்தார்.

படத்தோடு இருந்தார். அரைப் பக்கச் செய்தி. டீச்சர் முதலில் தலைப்பைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தார், “இருக்காங்க!” என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்தார். கோகுல் ஓடிவந்து குனிந்தான். டீச்சர் படத்துக்குக் கீழே இருந்த வாழ்க்கைக் குறிப்பில் விரலை ஓட்டித் தமிழில் சொல்லத் தொடங்கினார். எந்த ஊர்க்காரர், எந்த வருஷம் புனாவுக்கு வந்தார், கணவர் ஜோசப்ராஜ் ரயில்வேயில் என்ன வேலை பார்த்தார், அவர் இறந்த பிறகு எப்படி விடுதி தொடங்கினார், எத்தனை பெண்கள் தங்கினார்கள்… அந்த நிருபர் ஒன்றையும் விடவில்லை. ஒரு பக்கத்துக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அதில் இருந்தது.

“அக்கா, கெடைச்சிருச்சுங்க! இது ஒண்ணு போதும். தனிச் சான்று, விரிவான சான்று. பெட்டிய இப்பவே எடுத்தறலாம்,” என்றான் கோகுல். “தலைப்பு என்னங்க?”

டீச்சர் தலைப்புக்குப் போனார். வாய்க்குள் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “தொழிலாளிப் பெண் மர்மச் சாவு. விடுதிக்காரி கைது.”

ரோஹிணி என்று ஒரு பிள்ளை, பத்தொன்பது வயது. காய்ச்சலில் கிடந்தவளை வைத்தியம் பார்க்காமல் அறையில் போட்டுப் பூட்டிச் சாகவிட்டதாக அவளுடைய அண்ணன் புகார் கொடுத்திருந்தான். படத்தில் சத்தியவதி அம்மாளுக்கு இரண்டு பக்கமும் பெண் போலீசார் நின்றிருந்தார்கள். இந்தக் கைதைப் பற்றி டீச்சரின் அம்மா ஒரு தடவை, ஒரே தடவை, சொல்லியிருக்கிறார்: பாவி மக்க, குத்தமில்லாத மனுசிய உள்ள வச்சானுவ, பெறவு கோர்ட்டே விட்டுருச்சு. அவ்வளவுதான். அந்தக் ‘கோர்ட்டே விட்டுருச்சு’ செய்தி எங்கே?

தேடினார்கள். அந்த வருஷக் கட்டு முழுவதும், அடுத்த வருஷக் கட்டு, வேறு இரண்டு பத்திரிகைகள். மறுநாளும் வந்து தேடினார்கள். கைது மூன்று பத்திரிகையிலும் இருந்தது. விடுதலை ஒன்றிலும் இல்லை. போலீஸ் வண்டி வந்த அன்று நிருபர் வந்தார். அந்த அம்மாள் கைப்பையோடு தனியாக நடந்து வீட்டுக்குத் திரும்பிய அன்று ஒருவரும் வரவில்லை. இத்தனை வருஷம் டப்பா கட்டிக் கொடுத்ததற்கும் யாரும் வரவில்லை. ஊர் அவரை ஒரே ஒரு நாள் திரும்பிப் பார்த்தது, அதுவும் அந்த நாள்.

“சொல்லு, என்ன செய்ய?” என்றார் டீச்சர், படியிறங்கும்போது.

கோகுல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். “இந்தச் சான்ற வெச்சா பக்கம் நிக்கும். ஆனா அதுலருந்து ஊரு பேரு மட்டும் எடுத்துட்டு, கைத விட்டுட்டு எழுதறது நாணயம் இல்லீங்க்கா. வெக்கலைன்னா பக்கம் போயிரும்.”

“விடுதலைய எழுதுனா?”

“சான்று இல்லீங்களே.” அவன் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “நான் அந்தப் பெட்டியப் போட்டிருக்கவே வேண்டாமுங்க.”

“போட்டது சரிதாம்ல,” என்றார் டீச்சர். சரியாக இருப்பதுதான் அவருக்கு ஆறவில்லை.

சத்தியவதி அம்மாளின் மகன் பெனிஸ்டன் இன்னும் கோர்படியில்தான் இருக்கிறார். ராணுவ அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு ஒரு பக்கம் வந்த நாளிலிருந்து அவர் நடையே மாறியிருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் போனை நீட்டிக் காட்டாத ஆள் பாக்கியில்லை. பாதிப்பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனாலும் பார்த்து, அரே வா என்று வியந்தார்கள். கனடாவில் பேத்தி அதைப் பள்ளிக்கூடத்தில் திரையில் போட்டுக் காட்டியிருக்கிறாள். அந்த மனிதரிடம் போய் இதை எப்படிச் சொல்வது என்று டீச்சர் ஆட்டோவில் முழுக்க யோசித்தார். சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை. அவருடைய அம்மா அல்லவா.

“வாங்க டீச்சர், வாங்க. உக்காருங்க, பத்து நிமிசத்துல சாய் போட்டுட்டு வாரேன்,” என்றவரை உட்காரவைத்து, பெட்டியையும் நூலகத்தையும் சொல்லி, போனில் எடுத்திருந்த படத்தைக் காட்டினார். பெனிஸ்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார்.

“இந்தப் பேப்பர எங்க வீட்ல யாரும் பாக்கல,” என்றார். “தெருவே பாத்திச்சு. துகான்காரன் கடையில மத்தவங்களுக்குச் சக்கரய மடிச்சுக் குடுத்தான் இதுல. நான் காலேஜ் படிச்சிட்டிருந்தேன். அம்மா மூஞ்சிய மூடிட்டுப் போனாங்கன்னு பசங்க சொன்னானுங்க. நானும் அப்படித்தான்னு நெனச்சிட்டிருந்தேன்.” மறுபடி குனிந்து பார்த்தார். “மூடலியே டீச்சர். நேராத்தான பாக்காங்க.”

“ஆமா. நேராத்தான் பாக்காங்க.”

“அந்தப் புள்ளைக்கு மஞ்சக்காமால. டாக்டர் ரெண்டு தடவ வந்தாரு. அவரே கோர்ட்ல வந்து சொன்னாரு. இப்ப அவரும் போய்ச் சேர்ந்துட்டாரு.”

“கோர்ட் காகிதம் ஏதும் வச்சிருக்கியளா?”

“அம்மா வாங்கல. நான் கேட்டேன். ‘எம்மேல குத்தமில்லன்னு ஒரு காகிதத்த மடியில கட்டிக்கிட்டு அலையணுமால நானு’ன்னாங்க.” அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

டீச்சர் மெதுவாக விஷயத்துக்கு வந்தார். “பக்கத்த எடுத்துரச் சொல்லிட்டா போயிரும் அண்ணே. ஒரு சண்டையும் இல்ல. யாரும் இதத் தேடிப் போய்ப் பாக்கப் போறதில்ல.”

வெளியே ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது. அது முடியும்வரை பேச முடியாது என்பது அந்த வீட்டில் பழக்கம். இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

“நீங்க தேடிப் போய்ப் பாத்தீங்களே,” என்றார் பெனிஸ்டன்.

டீச்சர் நிமிர்ந்தார்.

“உங்கள மாதிரி இன்னொருத்தர் வருவாங்க. பக்கத்த எடுத்துட்டீங்கன்னா, இந்த உலகத்துல எங்கம்மாவப் பத்திப் பேசறதுக்கு இந்தப் பேப்பர் ஒண்ணுதான் இருக்கும். அது மட்டும் பேசிட்டே இருக்கும்.” கண்ணாடியைக் கழற்றிப் பனியனில் துடைத்தார். “வேணாம். எழுதுங்க. கைதையும் எழுதுங்க. அந்தப் புள்ள பேரையும் எழுதுங்க, பாவம், அதுக்கும் வேற எங்க இருக்கு பேரு? ஆனா வெளிய வந்ததையும் எழுதிருங்க டீச்சர்.”

சான்று இல்லை என்று டீச்சர் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். சாய் போட்டுக் குடிக்க இரண்டு பேருக்குமே மறந்துபோயிருந்தது.

வீட்டுக்கு வந்து எழுதினார். நிருபர் தந்த விவரங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தார். கைதை எழுதினார், ரோஹிணியின் பெயரை எழுதினார், மூன்று பத்திரிகைக்கும் தேதி கொடுத்தார். அதற்கடுத்து ஒரு வரி: ‘பின்னர் அவர் குற்றமற்றவர் என நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்.’ அந்த வரிக்குப் பின்னால் மட்டும் எண் இல்லை, அடிக்குறிப்பு இல்லை. பிறகு கோகுலைக் கூப்பிட்டார்.

“பாத்தியா?”

“பாத்தனுங்க. ரண்டு பேரு அதுக்குள்ள வைக்கலாம்னு எழுதிட்டாங்க. பெட்டி எடுத்தாச்சு.”

“கடைசி வரி?”

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது கேட்டது.

“சான்றில்லாத வரி. நான் பாத்தா எடுக்கணுமுங்க.”

“தெரியும். நானா இருந்தாலும் எடுப்பேன். எடுக்கதுன்னா எடு, நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா அத என் கையால எழுதாம என்னால இருக்க முடியல.”

“வெக்கறனுங்க்கா,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

டீச்சர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தைப் புதுப்பித்தார். வரி இருந்தது. அதன் கடைசியில், சதுர அடைப்புக்குள், சின்ன நீல எழுத்தில் இரண்டு சொற்கள் புதிதாக முளைத்திருந்தன: ‘சான்று தேவை.’ எழுதியிருப்பதற்கு ஆதாரம் இன்னும் கிடைக்கவில்லை, வைத்திருப்பவர் கொண்டுவந்து சேர்க்கலாம் என்று அர்த்தம். எடுத்துவிடுவதற்குப் பதிலாக விதி அனுமதிக்கிற ஒரே ஒரு சலுகை அது. எத்தனை நாள் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாளைக்கு வேறொருவர் வந்து எடுக்கலாம். டீச்சரே எத்தனை பக்கங்களில் அப்படி எடுத்திருக்கிறார்!

கோர்படியில் பெனிஸ்டன் தன் போனில் அதே பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். விடுதிப் பிள்ளைகளோடு உட்காரவைத்து அம்மா கற்றுக்கொடுத்த தமிழ், எழுத்தெழுத்தாகத்தான் வரும். கைதைக் கடந்து, விடுவிக்கப்பட்டார் வரை வந்து, அந்த நீல எழுத்தையும் கூட்டிப் படித்தார். சான்று. தேவை. யாரோ கேட்கிறார்கள். இத்தனை வருஷத்தில் யாரும் அவரைக் கேட்டதில்லை. சாட்சி சொல்லத் தயாராகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, விரல் நுனியால் அந்த எழுத்தை அழுத்தினார். விதிகள் எழுதிய வேறொரு பக்கம் திறந்தது. அதில் அவரிடம் கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. திரும்பி வந்து மறுபடி அழுத்தினார். ஒரு வீட்டு வாசலில் மணியை அழுத்திவிட்டு, உள்ளே காலடிச் சத்தம் வருகிறதா என்று தலையைச் சாய்த்துக் கேட்பவரைப்போல, அழுத்திவிட்டுக் காத்திருந்தார்.