வாரநாள் நத்தைகள்

கடல் மீன் தொட்டி வைக்க வேண்டும் என்று யார் வந்து கேட்டாலும் என் முதல் பதில், "வேணாம், விட்டுருங்க" என்பதுதான். கடை வைத்துக்கொண்டு இப்படிப் பேசுகிறானே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். என் முதுகுக்குப் பின்னால் சிடுமூஞ்சி என்று ஒரு பெயரும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். மூன்றாம் நாளே மீனை வாங்கிப் போட்டுவிட்டு நான்காம் நாள் செத்த மீனோடு வந்து என்னிடம் சண்டை போடுகிறவர்களை விட, முதலிலேயே கோபித்துக்கொண்டு போகிறவர்கள் எவ்வளவோ மேல்.

அந்த மனிதர் மட்டும் போகவில்லை. ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "சொல்லுங்க சார், ஒவ்வொண்ணா எழுதிக்கிறேன்" என்றார். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. அவருக்கு நோட்டுக்காரர் என்று பெயர் வைத்தேன். உப்புத் தண்ணீரை முதல் நாளே கலந்து வைக்க வேண்டும், ஆவியாகிப் போன தண்ணீருக்குப் பதில் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும், ஐந்து ஆறு வாரத்துக்கு வெறும் கல்லும் மணலும்தான், மீன் கிடையாது. எல்லாவற்றையும் எழுதினார். "கண்ணாடியைத் தட்டக் கூடாது" என்றதும் பேனா நின்றது.

"உள்ளதான் ஒண்ணும் இல்லையே சார், லேசா தட்டினா என்ன?"

"பழக்கமாயிடும்."

"தொட்டி வாங்கி ஒரு வாரமாச்சு, ஏற்கெனவே ஆயிடுச்சு" என்று சிரித்தார்.

கடலிலிருந்து எடுத்த கல்லை நான் ஒரு மாதமாவது தனித் தொட்டியில் போட்டு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விற்பேன். அதன் ஓட்டைகளுக்குள் என்னென்னவோ ஒளிந்து வரும். அவர் அவசரப்படுத்தினார் என்று ஒரே ஒரு கல்லை, வந்த வாரமே தூக்கிக் கொடுத்துவிட்டேன். ஐந்தாவது வாரம் அலுவலக மாடிப்படியில் அவருக்கு மாரடைப்பு. முப்பத்திநான்கு வயது. தொட்டியில் அவர் ஒரு மீனைக்கூடப் பார்க்கவில்லை. எனக்குச் செய்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி கடைக்கு வந்தாள். "அவரு நோட்டுல, பாசி வந்தா நத்தை பத்துன்னு எழுதியிருக்காருண்ணா." கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மறுபடி பத்து. அப்புறம் ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை, பிசகாமல் பத்து. தண்ணீர் சரியாக இருந்தால் நத்தை வருடக்கணக்கில் இருக்கும். அவள் கொண்டுவந்த தண்ணீரைச் சோதித்தேன். உப்பு சரி, அமோனியா இல்லை. என் தொட்டியை விட நன்றாக இருந்தது.

ஐந்தாவது முறை எனக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா, வறுத்துச் சாப்பிடறீங்களா?" என்றேன். அவள் நத்தைப் பையை வாங்கிக்கொண்டு போனாள். என் நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று இருந்தது. அவள் அடுத்து வர வேண்டிய சனிக்கிழமைக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஒரு வாளியும் வலையும் எடுத்துக்கொண்டு நானே அவள் வீட்டுக்குப் போனேன்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்ததும் முன்னறை. செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் தொட்டி. கொக்கியில் அவருடைய ஆபீஸ் பை அப்படியே தொங்கியது. தொட்டியின் மேல் ஒரு கிண்ணத்தில் கடல் தண்ணீர், அதில் ஒரே ஒரு நத்தை. பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய நத்தை ஓடுகள். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். செத்து உதிர்ந்த ஓடு இல்லை. சுத்தியலால் அடித்த மாதிரி உடைந்திருந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே.

அந்தக் கல்லில் வந்திருக்கிறது. இறால் மாதிரி ஒரு பிராணி, விரல் நீளம்தான் இருக்கும். முன்னங்கையை வீசி நத்தை, சிப்பி ஓடுகளை உடைத்துத் தின்னும். அடிக்கும்போது வெளியே சத்தம் கேட்கும். அது இருக்கிற தொட்டியில் மீனை விடவே முடியாது. பெரிதானால் கண்ணாடிக்கே ஆபத்து.

"உள்ள டக்கு டக்குன்னு சத்தம் வருதாம்மா?"

"இல்லையேண்ணா."

சொல்லும்போதே அவள் கண் கடிகாரத்துக்குப் போனது. ஆறாக எட்டு நிமிடம்.

"பொய் சொல்லாதீங்க. உள்ள ஒண்ணு உக்காந்திருக்கு. நான் கொடுத்த கல்லுல வந்தது, தப்பு என்னோடது. கல்லோட எடுத்துட்டுப் போயிடறேன்." சட்டைக் கையை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் கையை விட்டேன்.

அவள் ஓடிவந்து தடுக்கவில்லை. நோட்டை எடுத்து ஒரு பக்கத்தைப் பிரித்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். நான் சொன்னதுதான், அவர் கையெழுத்தில்: கல்லுக்குள் டக் சத்தம் வந்தால் உடனே வெளியே எடுக்கணும். கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

"படிச்சிட்டேண்ணா. தெரிஞ்சுதான் வச்சிருக்கேன்."

என் கை கல்லின் மேல் அப்படியே நின்றது.

"ஆறு மணிக்கு வருவாரு. செருப்பைக்கூடக் கழட்ட மாட்டாரு, மோதிரத்தால கண்ணாடில ரெண்டு தட்டு. நான் உள்ள அடுப்புல இருப்பேன். அந்தச் சத்தம் கேட்டாத்தான் டீக்குத் தண்ணி வைப்பேன். அவரு போன பத்தாம் நாள், அதே சத்தம் கேட்டுச்சு. அடுப்புல தண்ணி வச்சிட்டுத்தாண்ணா எனக்கு ஞாபகமே வந்துச்சு." மூச்சு வாங்கினாள். "அப்புறம் கிட்ட போய்ப் பாத்தேன். கல்லு மேல தானா முளைச்சிருந்த சிப்பியை உடைச்சிட்டு இருந்துச்சு. அதெல்லாம் தீந்ததும் சத்தமும் நின்னுபோச்சு. அதான் நத்தை வாங்க வந்தேன். சாயங்காலம் ஒண்ணு போடுவேன்."

"பதினாலு நாளைக்குப் பத்து எப்படி..." என்று ஆரம்பித்தேன்.

"சனி, ஞாயிறு போட மாட்டேன். அன்னிக்கு அவரு வீட்டுலதானே இருப்பாரு."

பயந்தேன், மறைப்பானேன். கொக்கியில் தொங்கிய அந்தப் பையைப் பார்க்கவே முடியவில்லை. கல்லின் ஓட்டையிலிருந்து இரண்டு கண்கள் காம்பு காம்பாக நீண்டு, ஒன்று என் கையையும் ஒன்று என் முகத்தையும் பார்த்தன.

"இது எவ்வளவு நாள்ணா உசுரோட இருக்கும்?"

"நல்லா பாத்துக்கிட்டா நாலு வருஷம் இருக்கும்மா."

அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை என்னால் தாங்க முடியவில்லை.

"அவரு என்கூட மூணு வருஷம்தான் இருந்தாரு" என்றாள்.

கையை வெளியே எடுத்துவிட்டேன். தண்ணீர் முழங்கையிலிருந்து தரையில் சொட்டியது. "இருங்கண்ணா, துண்டு எடுத்துட்டு வரேன்" என்றவள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கிண்ணத்திலிருந்த நத்தையைத் தொட்டியில் விட்டுவிட்டு உள்ளே போனாள்.

நத்தை மணலில் போய் விழுந்தது. கல்லின் ஓட்டையிலிருந்து அந்தப் பிராணி மெல்ல வெளியே வந்தது. எத்தனை தொட்டி பார்த்திருக்கிறேன், எத்தனை பிராணியைப் பிடித்து வெளியே போட்டிருக்கிறேன். இருந்தும் சத்தம் வந்தபோது நான் திரும்பிப் பார்த்தது தொட்டியை இல்லை, வாசலை.

டக், டக்.

"வந்துட்டீங்களா?" என்று உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. என்னிடம் பேசிய குரல் இல்லை அது. இளசான, கொஞ்சம் செல்லமான குரல். "உக்காருங்க, இதோ டீ கொண்டாரேன்."

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, காலி வாளியைச் சத்தம் வராமல் எடுத்தேன். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் படியிறங்கினேன்.