துரைசாணியின் ஆந்தை

குன்னூரில் அந்தப் பெண்கள் பள்ளியின் நூலகத்தில் நூற்றைம்பது வருடமாக ஒரு ஆந்தை உட்கார்ந்திருந்தது. ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. அது இருந்தது பள்ளியைத் தொடங்கிய ஹாரியட் துரைசாணியின் படத்துக்குள்ளே; செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம். நாற்காலிக்குப் பின்னால், இருட்டோடு இருட்டாக ஆந்தை. படித்த பெண் என்று காட்ட அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் போட்டுவைத்த அடையாளம். துரைசாணிக்கு வேறு படமே கிடையாது.

தற்காலிக நூலகர் ஷண்முகப்ரியா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆண்டு விழாவுக்குப் படத்தின் கீழே கொட்டை எழுத்தில் அட்டை ஒட்டினாள்: ‘ஆந்தை, அறிவின் சின்னம்.’ அவ்வளவுதான், பெற்றோர் நிமிர்ந்து பார்த்தார்கள். பத்தாம் வகுப்பில் பதினோரு பேர் பெயிலானது எதனால் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. படிக்கிற இடத்தில் ஆந்தையை மாட்டினால் விளங்குமா என்று தாளாளர் தங்கவேலுவைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவர் நல்ல மனுஷர், அதுதான் தொல்லை. படத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. போர்டு எழுதும் லிங்கசாமியை வரவழைத்து, ஆந்தையை மட்டும் கிளியாக மாற்றச் சொன்னார்.

ஷண்முகப்ரியா அவரிடம் ஓடினாள். பெயிண்ட் பட்டால் படம் போனது போனதுதான் என்றாள். வேண்டுமானால் கழற்றிக் கொடுத்துவிடுங்கள், என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினாள்.

“ஏனுங்கம்மிணி, ஆந்தைக்கு நம்மூர்ல என்ன அர்த்தமோ அதைத்தானுங்களே பாக்கோணும்?” என்றார் தங்கவேலு, அன்பாகவே. “நீங்க எழுதி ஒட்டுனதுலதானுங்க எங்களுக்கே தெரிஞ்சுது.”



படத்தின் கண்ணாடியைக் கழற்றினார்கள். ஒரு இறகுக்கு நாற்பது கோடு என்று எவனோ கண்ணைக் கெடுத்துக்கொண்டு செதுக்கியதெல்லாம் பச்சை எனாமலுக்கு அடியில் போயிற்று. தடுக்கப் போன ஷண்முகப்ரியாவின் கை தன் முந்தானையைத்தான் பிடித்துக்கொண்டது. கிளி மூக்குக்குச் சிவப்பு வைத்த லிங்கசாமி, மிச்சத்தை வீணாக்குவானேன் என்று துரைசாணியின் உதட்டிலும் ஒரு தீற்றுத் தீற்றினார். பெண்பிள்ளைகள் சொன்னதையே சொல்லாமல் சொந்தமாக யோசிக்க வேண்டும் என்று கடல் தாண்டி வந்து பள்ளி வைத்தவள், பச்சைக்கிளியோடு சிவக்கச் சிரித்தாள்.

டீச்சர்கள் எல்லாரும் லட்சணமாக இருக்கிறது என்றார்கள். தங்கவேலு இவள் பக்கம் திரும்பினார். அடுத்த மாதம் இவள் வேலையை நீட்டிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்.

“லட்சணமா இருக்குதுங்களா, அம்மிணி?”

“லட்சணமா இருக்குதுங்க,” என்றாள் ஷண்முகப்ரியா.