திங்களும் வியாழனும் ஓய்வு

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தது. என் கணவர் போட்டது. அவர் பேருந்து ஓட்டுநர். எதற்கும் நேரம் குறித்து வைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. பன்னிரண்டு வாரப் பயிற்சி, கடைசியில் பத்து கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம். இரண்டு பேருக்கும் ஒரே அட்டவணை. செவ்வாய், புதன், வெள்ளி, ஞாயிறு ஓட்டம். சனிக்கிழமை உடற்பயிற்சி. திங்களும் வியாழனும் ஓய்வு.

நான் வேலை பார்க்கும் கிடங்கில் அந்த இரண்டு நாளும்தான் லாரி வரும். “அன்னிக்கு நீ செத்துச் சுண்ணாம்பாகி வருவ. ஓட வேணாம்” என்று கரிசனத்தோடுதான் போட்டார். நானும் தலையாட்டினேன். இதில் யாரைக் குறை சொல்ல?

பந்தயம் என் ஆசை. இருபது வருடத்தில் எனக்கென்று நான் கேட்டது இது ஒன்றுதான். பதிவு செய்தால் மார்பில் குத்திக்கொள்ள எண் அட்டை தருவார்கள், அதில் நம் பெயர் பெரிதாக அச்சடித்திருக்கும். கிடங்கில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அலமாரியிலிருந்து பொருளை வேகமாக எடுத்து வந்துவிடுவதால் ‘எக்ஸ்பிரஸ்’. வீட்டில் ‘அம்மா’, ‘இந்தா’, ‘எங்க இருக்க’. அந்த அட்டை எனக்கு வேண்டும். சின்னப்பிள்ளைத்தனம்தான். இருக்கட்டுமே.

காலில் அடிபடக் கூடாதென்று நாங்கள் செய்யாததில்லை. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நின்றோம், கணுக்கால் பலப்படுமாம். அவர் ஒருமுறை வாயில் நுரையோடு வாளிக்குள் உட்கார்ந்தார். மாடிப்படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கினோம். வாரா வாரம் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினோம். ஓடுவதற்கு வாங்கிய ஷூ தேய்ந்துவிடுமென்று வேறெங்கும் போடவில்லை. வேலைக்கு வழக்கம்போல இரும்பு முனை வைத்த பழைய பூட்ஸ்.

ஆறாவது வாரம் வலது பாதத்தின் மேல்புறம் வலிக்க ஆரம்பித்தது.

“லேஸை இறுக்கிக் கட்டுறியோ என்னமோ” என்றார். பிறகு, “எனக்கு ஒண்ணும் பண்ணலையே. ரெண்டு பேரும் ஒரே தூரந்தானே ஓடுறோம்?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அதன்பிறகு வலியைப் பற்றி வாயே திறக்கவில்லை. எட்டாவது வாரம், காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவர் பார்த்துவிட்டார். அன்றே பிசியோதெரபி பார்க்கும் பெண்ணிடம் இழுத்துக்கொண்டு போனார்.

அவள் பாதத்தை மடியில் வைத்து விரலால் ஒவ்வொரு இடமாக அழுத்தினாள். ஓர் இடத்தில் நான் அலறிவிட்டேன்.

“ஓய்வு எடுக்கிறீங்களா?”

“எடுக்கிறேனே. திங்களும் வியாழனும்.”

“அன்னிக்கு என்ன பண்ணுவீங்க?”

“வேலைக்குப் போவேன்.”

“என்ன வேலை?”

சொன்னேன். எவ்வளவு நடப்பீர்கள் என்று கேட்டாள். தெரியவில்லை. கையில் கட்டும் ஸ்கேனரில் தூரம் காட்டும். அது நாங்கள் மெதுவாக நடந்தால் திட்டுவதற்காக மேற்பார்வையாளர் வைத்திருக்கும் கணக்கு, நான் பார்ப்பதே இல்லை. மேற்பார்வையாளருக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். லாரி வரும் நாளில் பத்தொன்பது கிலோமீட்டர். மற்ற நான்கு வேலை நாளும் பன்னிரண்டு பன்னிரண்டு.

என் கணவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். உள்ளங்கையிலேயே எழுதிக் கூட்டினார். அவருடைய காது மடல் சிவந்தது.

“ஓட்டம் வாரத்துக்கு இருபத்திரண்டு. அதோட இவ வேலை எண்பத்தாறு” என்றார் அந்தப் பெண்ணிடம். “நான் நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டுறவன். என் கணக்கையே இவளுக்கும் போட்டுட்டேன்.”

“எலும்பு இன்னும் உடையல” என்றாள் அவள் என்னிடம். “உடையலாமான்னு யோசிச்சிட்டிருக்கு. ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம். ஆறு வாரம் ஓட்டமே கிடையாது. உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுக்கச் சொல்லி டாக்டர்கிட்ட கடிதம் வாங்கித் தரேன். உடைஞ்சா வேலையும் போகும்.”

பந்தயத்துக்கு நான்கு வாரம்தான் இருந்தது. “மெதுவா ஓடுறேனே” என்றேன். “நடந்தாவது போறேனே.” அவள் என் பாதத்தை மடியிலிருந்து இறக்காமல் கூடாதென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

ஸ்கேனிலும் எலும்பு உடையவில்லை என்றே வந்தது. கிடங்கில் கடிதத்தைக் கொடுத்து, பொட்டலம் கட்டும் மேசையில் உட்கார்ந்தேன். வீட்டில்தான் உட்கார முடியவில்லை. பாத்திரம் கிடந்தால் கால் தானாக எழுகிறது. “ஓய்வு!” என்று அடுப்படியிலிருந்து கத்துவார். அவர் கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவ வேண்டும்போல இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அலுப்பு எவ்வளவு சேர்ந்திருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது; உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன், பல நாள்.

பந்தயத்தன்று மடக்கு நாற்காலியோடு என்னை எட்டாவது கிலோமீட்டர் கம்பத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார். இரண்டு அட்டையையும் அவரே போய் வாங்கி வந்திருந்தார். என்னுடையதை என் சட்டையில் நேராக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் குத்தினார்.

“ஓடாதவளுக்கு எதுக்குங்க இது?”

“பதிவு பண்ணியிருக்கே. அட்டை உன்னுது.”

எல்லோரும் நின்று கைதட்டினார்கள். நான் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அரை மணி நேரத்துக்குப் பிறகு முதல் ஆட்கள் கடந்து போனார்கள். அப்புறம் கூட்டம். அவரைக் காணோம். அவர் காலிலும் ஏதாவது ஆகிவிட்டதோ என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தேன். கடைசியில் வளைவில் தெரிந்தார். சட்டை தொப்பலாக நனைந்து, வாய் பிளந்து, குடிகாரன் நடப்பதுபோல ஓடி வந்தார். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழப்போனேன்.

கல்யாணமாகி இருபது வருடத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அன்று, அத்தனை பேர் நடுவில், இருந்த மூச்சையெல்லாம் கூட்டி என் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

“எந்திரிக்காத! உட்காரு!”

பக்கத்தில் நின்றவர்கள் என் அட்டையைப் பார்த்துவிட்டு, அவர்களும் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் எழவில்லை.