வயிறு தள்ளிய கரை

மதியம் அண்ணனும் தம்பியும் வெட்டிய மண்மேட்டின் நிழலில் உட்கார்ந்து பார்லி ரொட்டியும் ஆலிவ் காயும் தின்றுகொண்டிருந்தார்கள். கிரேக்க நாட்டு நெமேயாவின் புது ஓட்டத்திடலில், சனங்கள் உட்கார இருபுறமும் மண்கரை எழும்பிக்கொண்டிருந்தது. கயிறு பிடித்து, கரை எழும்ப வேண்டிய கோட்டில் முளையடிப்பது அண்ணன் அகேசியாஸ். ஆட்களை வைத்து மண் வெட்டுவது தம்பி சோசிலாஸ்.

“அண்ணே, மேக்குக் கரை நடுவுல வெளிய தள்ளிக்கிட்டு நிக்குது, உன் வயிறு மாதிரி. கயிறு தொய்ஞ்சுபோச்சா?”

“தின்னும்போது பேசாதடா. காரணமாத்தான் தள்ளியிருக்கேன்.”

“என்ன காரணம்?”

“உன் மண்டையில ஏறுற மாதிரி யோசிச்சுச் சொல்றேன்.”

சொல்ல வாய்க்கவில்லை. முந்தின இரவு மழையில் ஊறியிருந்த மேட்டுமண், வேலை மறுபடி தொடங்கியதும் சரிந்து அகேசியாஸை மூடியது. தோண்டி எடுத்தபோது மூச்சு இல்லை.

அடக்கம் முடிந்து சோசிலாஸ் திரும்பியபோது, மேற்பார்வை பார்க்கும் லாம்பிஸ் மேற்குக் கரையருகே நின்றிருந்தார்.

“உங்கண்ணன் நல்ல மனுசன்தாம்ப்பா. ஆனா இது கோணல். பக்கத்து ஊரு ஆர்கோஸ்காரன் பாத்தா சிரிப்பான். நாளைக்கே நேராக்கிடு.”

“காரணம் இருக்குன்னாருய்யா.”

“அப்படியா, என்ன?”

சோசிலாஸுக்குத் தெரியாது. கரையை நேராக்கினால் அண்ணனின் கடைசி வேலை பிழை என்றாகிவிடும். பிழையேதானோ? அந்த நினைப்பும் உள்ளே குடைந்தது.

உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும் என்று, அன்று மாலை ஆட்களைக் கிழக்குக் கரையில் தோளோடு தோள் உட்காரவைத்தான். அந்தக் கரை நேரானது. நடுவில் தானும் உட்கார்ந்து, ஓட்டம் புறப்படும் கல்லைத் தேடினான். பக்கத்து ஆட்களின் மூக்கும் தாடியும்தான் தெரிந்தன.

“கொஞ்சம் எந்திரிங்க. மேக்க போய் உக்காருவோம்.”

“என்னய்யா, ஆட்டுமந்தையா நாங்க?” என்றான் ஒருவன். ஆனாலும் போனார்கள்.

வில்லாக வளைந்த வரிசையில் பக்கத்து ஆள் குறுக்கே வரவில்லை. புறப்படும் கல் முழுசாகத் தெரிந்தது. ஓட்டக்காரர்கள் கால்விரல் பதிக்கும் பள்ளம்கூட. மறுபக்கம் திரும்பினான். திடலின் கடைசியும் தெரிந்தது.

“ஐயா, இங்க வந்து குந்துங்க!”

லாம்பிஸ் முனகிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். வெகுநேரம் எழவில்லை.

“கெழக்கையும் இதே மாதிரி வளைச்சிடு,” என்றார் கடைசியில். “முளை யாரு அடிப்பா?”

“நான்தான்.”

முதல் முளையை மூன்று முறை பிடுங்கி நட்டான். கரைகள் இரண்டும் இப்போது வளைந்தே நிற்கின்றன. நடுவே ஓடும் பாதை மட்டும் எப்போதும்போல நேர்.