துண்டிக்காத அழைப்பு

1

றஸ்னாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கட்டாரிலே மழலையர் பள்ளிக்கூடம் விட்டு அறைக்குத் திரும்பியதும், இலங்கையின் கல்முனைக்குடியில் இருக்கும் தங்கை பாஹிமாவை இமோ செயலியில் அழைப்பாள். பாஹிமாவிடம் வளரும் தன் ஐந்து வயது மகள் ஆகிலாவிடம் உண்டதையும் உடுத்ததையும் விசாரிப்பாள். பேச்சு முடிந்ததும், "வெட்டாத, அப்பிடியே வெய்" என்பாள். பாஹிமா கைப்பேசியைப் பிரிட்ஜின் மேலே சாய்த்து வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அங்கே றஸ்னா கத்தரிக்கோலை எடுத்து, மறுநாள் வகுப்புக்கான பட அட்டைகளை வெட்டத் தொடங்குவாள். ஒரு மணி நேரம் வீடு அவள் காதுக்குள் நடக்கும். பாண் விற்க வரும் ஆட்டோவின் பாட்டு, மஃரிபு பாங்கு, தாளிக்கும் சத்தம், மகள் சோற்றுக்கு அடம்பிடிப்பது. யாரும் அவளோடு பேசுவதில்லை. அதுவே அவளுக்கு வேண்டியிருந்தது. வீட்டில் இருப்பவளோடு யாரும் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பதில்லையே.

இக்கதை எங்கிருந்து வந்தது என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தக் கைப்பேசியின் முன்னால் நான் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னேன். அதிலிருந்து வந்தது.

2

நான் பக்கத்து வீட்டுக்காரன். ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். பிள்ளைகளுக்கு மிருகக் கதை சொல்வதில் விருப்பமுள்ளவன். ஆகவே முதல் வரைவை இப்படித் தொடங்கினேன்:

ஒரு பாலைவனத்திலே ஒரு கிளி இருந்தது. தன் மொழி தனக்குத் தெரியாதது போல நடிப்பதே அதற்கு உத்தியோகம். ஒருநாள் அவ்வழியே வந்த நரி —

இதைப் பாஹிமாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"சேர், கிளி எங்கட றஸ்னா ராத்தாவா?"

"ஓம்."

"அப்ப நரி ஆரு?"

"அங்க வகுப்புகளப் பார்வையிட வாற பெரிய டீச்சர்."

"அந்த மனிசி ராத்தாக்குக் காய்ச்சல் வந்த நேரம் கஞ்சி காய்ச்சிக் குடுத்தவ. நரி எண்டு எழுதினா ராத்தா ஏசுவா. நரி இல்லாம உங்களுக்கு ஒரு கதையும் வராதா சேர்?"

வராது என்பதே உண்மை. நரி ஒன்று இருந்தால் பழியை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்கிறது. இந்தக் கதையிலோ பழி தெருவெல்லாம் சுற்றி, என் வீட்டுக் கேற்றடியில் வந்து நிற்கிறது. எனவே கிளியையும் நரியையும் அனுப்பிவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுத முயல்கிறேன்.

3

றஸ்னா நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறாள். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு விதி உண்டு. வகுப்புக்குள் ஆங்கிலம் மட்டுமே பேசவேண்டும். ஆசிரியைக்கு வேறொரு மொழி தெரியும் என்பதே பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் பிள்ளை ஆங்கிலத்துக்கு முயலாது என்பது அவர்கள் வாதம். (வாதத்தில் பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதியைப் பற்றியது இக்கதை.)

தை மாதத்தில் சுஜித்தா என்றொரு பிள்ளை புதிதாக வந்து சேர்ந்தது. தகப்பன் வினோஜ், மின்தூக்கி திருத்துபவர். ஊர் காரைதீவு. கல்முனைக்குடியிலிருந்து பஸ் ஏறினால் பத்து நிமிஷம். அந்தப் பிள்ளை மூலையில் இருந்து பொம்மையோடு கதைக்கும்: "இஞ்ச வா, ஏன் அழுறாய், அம்மா கடைக்குப் போயிட்டு வந்துருவா." அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் றஸ்னாவின் கையிலிருந்து ஒரு பென்சில் கீழே விழும். எடுப்பதற்குக் குனிந்தால் அந்தத் தமிழை இன்னுங்கொஞ்சம் கேட்கலாம்.

[அடிக்குறிப்பு: பென்சில் என் கற்பனை. மெதுவாக நடந்ததாகத்தான் அவள் சொன்னாள்.]

கணவன் முர்ஷித் மௌத்தாகி விதவையான பின்னரே அவள் கடல் கடந்தாள். இரண்டாம் வருஷத்துக்கு ஒப்பந்தம் நீண்டால், மகளைக் கூட்டிக்கொள்ளப் பள்ளிக்கூடம் கடிதம் தரும். ஒப்பந்தம் நீள்வதோ ஒரு செவ்வாய்க்கிழமை நடக்கவிருந்த வகுப்புப் பார்வையிடலைப் பொறுத்திருந்தது.

4

அதற்கு முந்திய திங்கட்கிழமை மாலை, பாஹிமாவின் குசினி வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். ஆகிலா வாயைத் திறக்க மறுத்தாள்.

"உம்மா வந்து தீத்தினாத்தான் தின்னுவன்."

பாஹிமா தட்டோடு நின்றாள். நான் சொன்னேன்:

"தான் பெத்தது இஞ்ச பசியில கிடக்கு. அவ அங்க ஊரார்ட புள்ளைகளுக்கு இங்கிலீசு தீத்துறா. வாப்பா இல்லாத புள்ளைக்கு உம்மாவும் இல்லாம ஆக்கிப்போட்டுப் போறதெல்லாம் ஒரு உத்தியோகமா?"

பாஹிமா கண்ணால் பிரிட்ஜின் மேலே காட்டினாள். திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. கத்தரிக்கோல் சத்தம் நின்றிருந்தது.

[இவ்விடத்தில், 'அக்கணமே என் நெஞ்சு' என்று ஒரு வசனத்தைத் தொடங்கி நிறுத்தினேன். என் நெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்து பள்ளிவாசலுக்குத் தொழப் போய்விட்டேன்.]

5

செவ்வாய்க்கிழமை. பெரிய டீச்சர் பின்வரிசையில் ஒரு சின்னக் கதிரையில் குறிப்பேட்டோடு அமர்ந்திருந்தார். பழங்களின் பெயர்கள் நடந்துகொண்டிருந்தன. சுஜித்தா எழுந்து வந்து றஸ்னாவின் அபாயா நுனியைப் பிடித்தாள்.

"டீச்சர், ஒண்டுக்கு வருது."

றஸ்னா புன்னகைத்தாள். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த புன்னகை அது. எனக்கு விளங்கவில்லையே, ஆங்கிலத்தில் கேள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"டீச்சர், வருது எண்டு சொல்லுறன்தானே."

அவள் அதே புன்னகையோடு அதே சொற்களைத் திரும்பச் சொன்னாள். பிள்ளை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றது. பின்னர் குனிந்து தன் கால்களைப் பார்த்தது. வெள்ளைக் காலுறை இரண்டும் நனைந்திருந்தன. யாரோ ஒரு பிள்ளை சிரித்தது. அடுத்து எல்லாப் பிள்ளைகளும் சிரித்தன.

அறிக்கை மிக நன்றாக வந்தது. விதியை மீறாத ஆசிரியை என்று அதில் இருந்தது.

புதன்கிழமை சுஜித்தா வகுப்புக்கு வந்தாள். ஆங்கிலமும் பேசவில்லை, தமிழும் பேசவில்லை. பொம்மையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

6

அன்று மாலை றஸ்னா மகளோடு பேசி முடித்ததும், "சேர் இரிக்காரா?" என்று கேட்டாளாம். பாஹிமா வேலிக்கு மேலால் கூப்பிட்டாள். போனேன்.

"உங்கள ஏசுறதுக்குக் கூப்பிடல்ல சேர். ஒண்ட ஆருக்கிட்டயாவது சொல்லணும்."

சொன்னாள். மேலே நீங்கள் வாசித்தது அதுதான். சொல்லி முடித்துவிட்டு, "நீங்க கதைச்சது காதுக்குள்ளயே நிண்டிச்சு," என்றாள். "எப்பிடியாச்சும் ஆகிலாவ இஞ்ச எடுத்துரணும். அது மட்டுந்தான் மண்டைக்குள்ள. அந்தப் புள்ள என்ன கேக்குது எண்டு எனக்குத் தெரியும் சேர். எங்கட ஊர்ப் பேச்சு. அதக் கேக்கிறதுக்குத்தானே நான் இந்தப் போனக் கட்டிப் புடிச்சிக்கிட்டு இரிக்கன்."

எனக்கு அந்நேரம் ஒரு முயல் கதை நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லவில்லை.

"மகள், நான் சொன்னது பிழை," என்றேன். "நீங்க இல்லாத இடம் எண்டு நினைச்சிச் சொன்னன். முகத்துக்கு முன்னால சொல்லத் துணிவில்லாத கதை அது. என்ன மன்னிச்சிக்கங்க."



"நீங்க ரெண்டு நாளைக்குப் பொறகாவது சொல்லிட்டீங்க. நான் இன்னும் அந்தப் புள்ளைக்கிட்ட சொல்லல்லயே சேர்."

பாஹிமா குறுக்கிட்டாள். "ராத்தா, புள்ளட தாய்க்கிட்ட ஒரு ஓரமாச் சொல்லிட்டு வா. வகுப்புக்குள்ள வாயத் திறந்தா கடிதம் கிடைக்காமப் போயிரும்."

"எல்லாருக்கும் முன்னால நனைஞ்சிக்கிட்டு நிண்டது தாயா?"

 

7

மூன்று முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் பெரிய டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு விதியை மாற்றுகிறார். ஆகிலா விமானத்தில் ஜன்னலோரம் இருக்கிறாள். இன்னொன்றில் றஸ்னா வேலையிழந்து, கல்முனை பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவில் வந்திறங்க, ஆகிலா கேற்றைத் திறந்து — விட்டுவிட்டேன். மூன்றாவதில் மீண்டும் ஒரு நரி வந்துவிட்டது.

நாற்பது வருஷமாக, நல்லது செய்த முயலுக்குக் கடைசி வரியில் கரட் கொடுத்துப் பழகியவன் நான். கொடுக்காவிட்டால், "அப்ப அது ஏன் சேர் நல்லது செஞ்சது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அக்கேள்விக்கு நான் ஒருநாளும் மறுமொழி சொன்னதில்லை. அடுத்த கதையில் கரட்டைப் பெரிதாக்கினேன். ஆகவே கடிதம் கிடைத்ததா என்பதை எழுதமாட்டேன். எனக்குத் தெரியும். கிடைத்தது என்றும் நீங்கள் வைத்துக்கொள்ளலாம், கிடைக்கவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். எதை வைத்தாலும், அவள் வியாழக்கிழமை செய்தது உங்களுக்கு ஒரே அளவு நல்லதாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

(இதுவரை எழுதியதை றஸ்னாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு வரியை வெட்டச் சொன்னாள். அவள் அழுததாக நான் எழுதியிருந்த வரி. இனி வருவது அவள் சொன்னபடி.)

வியாழக்கிழமை காலை வகுப்புக் கதவு திறந்தே இருந்தது. றஸ்னா சுஜித்தாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"சுஜித்தா, அண்டைக்கு நீங்க கேட்டது டீச்சருக்கு வெளங்கினது. வெளங்கியும் வெளங்காத மாதிரி நிண்டன். அது பிழை. என்னாலதான் எல்லாரும் சிரிச்சாங்க."

 மற்றப் பிள்ளைகள் தங்கள் டீச்சரின் வாயிலிருந்து இப்படியொரு பேச்சைக் கேட்டதில்லை. நடைகூடத்தில் போய்க்கொண்டிருந்த பெரிய டீச்சர் திரும்பிவந்து கதவடியில் நின்றார்.

சுஜித்தா அவள் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குக் கதைக்கத் தெரியுமா?"

"ஓம்."

"அண்டைக்கும் தெரியுமா?"

பொய்க்கு இடமிருந்தது. நேற்றுத்தான் படித்தேன் என்றால் நான்கு வயது நம்பிவிடும்.

"அண்டைக்கும் தெரியும்."

"அப்ப நீங்க கூடாத டீச்சர்."

"ஓம். அண்டைக்குக் கூடாத டீச்சர்தான்."

பிள்ளை யோசித்தது. பின்னர் எழுந்து, கையை நீட்டியது.

"இப்பயும் வருது."

றஸ்னா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, கதவடியில் நின்றவரிடம் ஆங்கிலத்தில் வழிவிடும்படி கேட்டு, வெளியே நடந்தாள். நடைகூடம் நெடுக சுஜித்தா, பேசாதிருந்த நாளுக்கும் சேர்த்து, அவளை ஏசிக்கொண்டே போனாள். காலுறை நனைந்தது, அம்மா கழுவினது, பொம்மைக்கும் கோபம் வந்தது. றஸ்னா ஒவ்வொன்றுக்கும் உரக்க "ஓம்" என்றாள்.