ஆம்பளைங்க எறங்குற நேரம்

ஆணுக்கும் பெண்ணுக்கும் நாள் சம்பளம் ஒன்றே என்று சட்டம் வந்த வருஷம், இலங்கை மலையகத்தில் பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெண்கள், காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்திலேயே கல்கண்டு பகிர்ந்தார்கள். பாக்கியலெட்சுமியும் ஒரு கட்டியை வாயில் போட்டுக்கொண்டாள். அது கரையுமுன் கூடையை மாட்டிக்கொண்டு மலையேற வேண்டியிருந்தது.

ஆண்களுக்குக் கவ்வாத்து. அளந்துவிட்ட செடிகளை வெட்டி முடித்தால் இரண்டு மணிக்கே லயத்து வீட்டுக்கு இறங்கிவிடலாம். கொழுந்து பறிப்பதற்கு முடிவு ஏது? மாலை நிறுவை முடியும்வரை பெண்கள் மலையில்தான். சட்டம் அந்த வழக்கத்தைத் தொடவில்லை.

ஐப்பசியில் அவள் தங்கை ஜெயலெட்சுமி, பிள்ளை பெற்ற பிறகு உதிரம் நிற்காமல் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிள்ளை தங்கவில்லை. நோயாளியைப் பார்க்க விடுவது மாலையில். தோட்டத்துப் பஸ் இரண்டரைக்கு. அதை விட்டால் மறுநாள்தான்.

"நீங்களாச்சும் ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்களேன்," என்றாள் புருஷன் பழனியாண்டியிடம்.

"பொம்பளைங்க வார்டுல எனக்கென்னடி வேலை? அது ஒன்னையத்தானே தேடும்."

அதுவும் உண்மைதான்.

மறுநாள் மலையில் வேலையை மேற்பார்த்து நின்ற கணக்கப்பிள்ளையிடம் கேட்டாள். "ஐயா, இன்னைக்கு மட்டும் ஆம்பளைங்க எறங்குற நேரத்துக்கு நானும் எறங்குறேங்க. தங்கச்சிக்கு ரொம்ப முடியலைங்க."

"சம்பளம் கேட்டீங்க, குடுத்தாச்சு. இப்ப நேரமா? அடுத்து மீசை கேப்பீங்க போல."

"மீசை வேணாங்கய்யா," என்றாள் அடுத்த நிரையில் நின்ற மூக்காயி. "செரைக்கிறதுக்கு எங்களுக்கு ஏது நேரம்?"

மலையே சிரித்தது. கணக்கப்பிள்ளையும் சிரித்தார். ஆனால் விடவில்லை.

இரண்டு மணிக்கு ஆண்கள் கவ்வாத்துக் கத்தியோடு வரிசையாக இறங்கினார்கள். பாக்கியலெட்சுமி கூடையை மூக்காயியிடம் கொடுத்துவிட்டு அவர்கள் பின்னால் நடந்தாள்.

"அரைப்பேர்தான் போடுவேன்! பாதிச் சம்பளம் போயிரும்!" என்று மேலிருந்து சத்தம் வந்தது.

"போடுங்கய்யா." அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வார்டில் ஜெயலெட்சுமி கண் திறந்ததும் அக்காவின் இடுப்பைத்தான் பார்த்தாள். கொழுந்துக்குக் கட்டிய படங்குச்சாக்கு அவிழ்க்கப்படாமல் அப்படியே இருந்தது.

"என்னக்கா, படங்கோட வந்திருக்க? வேலை இல்லையா?"

"முடிஞ்சிருச்சு."

"பொய். நமக்கு எப்பக்கா முடிஞ்சிருக்கு?"

பார்வை நேரம் முடிந்து மணியடிக்கும்வரை இருவரும் கையை விடவில்லை. கொழுந்துக் கறை ஏறிய விரல்களில் எது யாருடையது என்று தெரியவில்லை. அந்த வாரமே ஜெயலெட்சுமி போய்விட்டாள்.

சம்பள நாளில் பெண்டாட்டி சம்பளத்தையும் புருஷனே வாங்குவது வழக்கம். பழனியாண்டி அதை வாங்கி வந்து அடுப்படியில் நின்றான்.

"ஒரு அரைப்பேர் விழுந்திருக்கே?"

"தெரியும்," என்றாள் அடுப்பை ஊதியபடி. "அந்த அரை நாள மட்டும் நானே கையில வாங்கிட்டேன்."