ஒண்ணுமில்ல மேடம்

மேக்னா மேடம் குளியலறைத் தரையில் பதினேழு துண்டுகளைப் பரப்பிவைத்து, ஒவ்வொன்றையும் மடித்தால் எத்தனை அங்குலம் வரும் என்று என்னை அளக்கச் சொன்னார். முகத்துக்கு ஒன்று, தலைக்கு ஒன்று, கடலுக்குப் போய்வந்தால் மணல் தட்ட ஒன்று, அந்த மணல் துண்டைத் தொட்ட கையைத் துடைக்க இன்னொன்று. புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே கடலைப் பார்த்துக் கட்டிய இந்த வீட்டுக்கு அவர்கள் நாவலூரிலிருந்து வருவது சனி, ஞாயிறு மட்டும். எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு இரண்டு துண்டு; அதிலும் ஒன்று எப்போதும் கொடியில் ஈரமாகத் தொங்கும். ஆனாலும், "கரெக்ட் மேடம், இதெல்லாம் இல்லாம எப்படிக் குளிக்கறது?" என்றேன். திருப்போரூரில் குளியலறைச் சாமான் கடை வைத்திருப்பவனுக்கு இதைவிட முக்கியமான வசனம் கிடையாது. அப்பா செங்கல்பட்டில் பாத்திரக்கடை வைத்திருந்தார். ஓட்டைக் குடத்தைத் தட்டிக் காட்டும்போது எந்த இடத்தில் தட்டக்கூடாது என்பதைத்தான் எனக்குச் சொத்தாக விட்டுப்போனார்.

மேடம் சிலேட்டு மாதிரி ஒன்றில் படம் வரைந்திருந்தார். தினமும் எடுப்பது மார்பு உயரத்தில், வாரம் ஒருமுறை எடுப்பது கீழே, எப்போதாவது எடுப்பது தலைக்கு மேலே. ஈரம் படலாம் என்பது ஒரு பக்கம், படக்கூடாதது மறுபக்கம். காலைக்குப் பூசும் ஏழு குப்பிக்கும் இரவுக்குப் பூசும் ஒன்பது குப்பிக்கும் தனித்தனி மாடம். திட்டத்தில் தப்பில்லை. இடம்தான் இல்லை. தரையிலிருந்து கூரைவரை ஓர் அலமாரி வைத்தால் எல்லாம் அடங்கும், அதற்கு மூன்றடி ஆழம் வேண்டும். மேடம் சுவரை விரலால் தட்டினார்.

"பன்னீர், இந்த சுவத்துக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

பின்னாடி என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏசுபாதமும் அவன் பெண்டாட்டி பாப்பாவும் கேட் பக்கத்து அறையில் இருக்கிறார்கள். அவர்களுடைய கக்கூஸும் குளியலும் அந்தச் சுவருக்குப் பின்னால்தான்: மூன்றடிக்கு நாலடி, நீலத் தகரக் கதவு. நான் வீட்டுக்குள் நுழையும்போதுதான் பாப்பா வாளியோடு அதற்குள் போய்த் தாழ்போட்டாள். அதைச் சொன்னால் அலமாரி போய்விடும். சுவரில் மாட்டும் இரண்டு பெட்டியோடு என் வியாபாரம் முடியும்.

"ஒண்ணுமில்ல மேடம்," என்றேன்.

அடுத்த சனிக்கிழமை கொத்தனார் ஜெபசிங் தகரக் கதவைக் கழற்றிய பிறகுதான் மேடம் பின்பக்கம் வந்து பார்த்தார். "ஓ, டாய்லெட்டா?" என்று என்னைப் பார்த்தார். நான் அளவுநாடாவைப் பார்த்தேன். அவர் மனசு இளகித்தான் போயிற்று. ஆனால் படம் ஏற்கெனவே வரைந்தாகிவிட்டதே.

"ஏசுபாதம் அண்ணா, டெம்பரரியா வேற ஏதாவது அரேஞ்ஜ் பண்ணிக்க முடியுமா?"

டெம்பரரி என்ற சொல்லுக்கு இந்தக் கடற்கரையில் ஆயுள் கெட்டி.

"அதுக்கின்னா மேடம், பின்னால சவுக்குத் தோப்பு கீது," என்றான் ஏசுபாதம், ஏதோ அவன்தான் மேடத்துக்கு இடம் கொடுப்பதுபோல.

பாப்பா துடைப்பத்தைக் கீழே போட்டாள். "தோப்பு ஒனக்குக் கீதுய்யா. எனக்கு எங்க கீது? இருட்டுனப்பறம் போனா நாயி, விடிஞ்சப்பறம் போனா வாக்கிங் போறவன். நடுப்பகல்ல வந்துச்சுன்னா இன்னா பண்றது, மேடத்துக்குப் போன் போட்டு லீவு கேக்கறதா?"

உள்ளேயிருந்து மேடத்தின் கணவர் ஷ்யாம் எட்டிப்பார்த்தார். எந்நேரமும் காதில் வெள்ளைக் குமிழை மாட்டிக்கொண்டு காற்றோடு பேசுபவர். "கொஞ்சம் சத்தம் கம்மி பண்ணுங்க ப்ளீஸ். நான் கால்ல இருக்கேன்."

"நானும் காலையிலேர்ந்து கால்லதான் கீறேன் சார், இன்னும் ஒக்காரல," என்றாள் பாப்பா. ஜெபசிங் சிரிப்பை அடக்கச் சுத்தியலை ஓங்கிப் போட்டான். முதல் செங்கல் விழுந்தது.

இருபது நாளில் அலமாரி எழுந்தது. சாத்தினால் சத்தமில்லாமல் மெல்லத் தானே போய் மூடிக்கொள்ளும் கதவுகள். மேடம் ஒவ்வொன்றிலும் தமிழில் சீட்டு ஒட்டினார். நாவலூரில் இப்போது அதுதான் நாகரிகம். எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்த பிறகும் கீழே ஒரு ட்ராயர் மிஞ்சியது. அதற்கு 'இதர' என்று ஒட்டினார். அந்த இருபது நாளும் பாப்பா எல்லோருக்கும் டீ கொடுத்தாள், எனக்குத் தவிர.

அடுத்த மாதம் ஒரு கதவு கிரீச்சிடுகிறது என்று மேடம் சொல்லி, புதன்கிழமை போனேன். கேட்டிலேயே ஏசுபாதம் வழிமறித்தான். "செத்த நில்லு அண்ணாத்த," என்று மழையைப் பற்றிப் பேசினான், மீன் விற்கும் விலையைப் பற்றிப் பேசினான், என் உடம்பைப் பற்றிக்கூட விசாரித்தான். வீட்டுக்குள் தண்ணீர் கொட்டும் சத்தம். அது நின்ற பிறகுதான் நகர்ந்தான். தலையில் துணி சுற்றிக்கொண்டு வெளியே வந்த பாப்பா என்னைக் கண்டதும் நின்றாள்.

"பல்லி வுழுந்துச்சு. அதான் கழுவிவுட்டேன்."

"எது மேல?"

"எம்மேலதான்."

உள்ளே தரையை ஒட்டத் துடைத்திருந்தாள், ஒரு முடிகூட இல்லை. கீலுக்கு எண்ணெய் விடக் குனிந்தபோது 'இதர' ஒரு விரற்கடை திறந்திருந்தது. இழுத்தேன். பாதி தேய்ந்த சோப்பு, இரண்டு ஷாம்பு பாக்கெட், பல் உடைந்த சீப்பு, மடித்துவைத்த சிவப்புக் கட்டம்போட்ட துண்டு ஒன்று. பதினெட்டாவது துண்டு. ஈரமானது ஒரு பக்கம், உலர்ந்தது மறுபக்கம். மேடத்தின் திட்டத்தை அந்த அலமாரியில் ஒழுங்காகக் கடைப்பிடித்தது அந்த ட்ராயர் ஒன்றுதான்.

போன் அடித்தது. வீடியோவில் மேடம். சட்டென்று ட்ராயரை முட்டியால் தள்ளினேன். துண்டின் முனை வெளியே மாட்டித் தரையில் கிடந்தது. அதன்மேல் காலை வைத்துக்கொண்டேன்.

"பன்னீர், எல்லாத்தையும் ஒருவாட்டி திறந்து காட்டுங்க. என் ஃப்ரெண்டு பாக்கணுமாம்."

ஒவ்வொன்றாகத் திறந்தேன். குப்பிகளைக் கண்டதும் போனில் அந்தப் பக்கம் யாரோ "வாவ்" என்றார்கள். பாப்பா வாசலில் வந்து நின்றாள். கெஞ்சவில்லை, கண்ணால்கூட. முந்தானையை இடுப்பில் செருகினாள், சண்டைக்குத் தயாராவதுபோல.

"கீழ அந்த ட்ராயர்ல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல மேடம்."

"திறந்துதான் காட்டுங்களேன்."

"ரெயில் மாட்டிக்கிச்சு மேடம், இழுத்தா ஒடைஞ்சிரும். இத்தாலி சரக்கு. பார்ட்டு வர ஆறு மாசம் ஆவும்."

"அச்சச்சோ! யாரையும் தொட விடாதீங்க."

"சொல்லிடறேன் மேடம்."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒரு டீயாவது கிடைக்கும் என்று பாப்பாவைப் பார்த்துச் சிரித்தேன்.

"அன்னிக்கும் இதையேதான் சொன்ன," என்றாள். "சொவுத்துக்கு அந்தாண்ட வாளியோட நின்னுகினு நாந்தான் கேட்டுகினு இருந்தேன்."

காலை எடுத்தேன். துண்டின் முனையில் என் பாதம் ஐந்து விரலோடும் கறுப்பாகப் பதிந்திருந்தது.